கழற்றி மாட்டும் ஆடுகளம்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

கொல்லையில் சொந்தமாகப் போட்டு, ஆடி முடித்ததும் கழற்றி அடுக்கி வைக்கிற ஆடுகளத்துக்கான குறிப்பு இது. எப்படிக் கட்டுவது என்று அடியிலிருந்து சொல்லப் போவதில்லை. கட்டிவிட்டீர்கள், ஏதோ சரியில்லை, அங்கிருந்து தொடங்குகிறேன்.

பேட்மின்டன் களத்தை அளவுக்கு எடுத்துக்கொள்வோம்: நீளம் 13.40 மீட்டர், அகலம் 6.10 மீட்டர். துளையிட்ட பிளாஸ்டிக் பந்தை மட்டையால் வலைக்கு மேல் அடித்து ஆடும் பிக்கிள்பாலின் களமும் கிட்டத்தட்ட இதேதான். 1965இல் அமெரிக்காவின் பெயின்பிரிட்ஜ் தீவில், ஒரு வீட்டின் பழைய பேட்மின்டன் களத்தில்தான் அந்த ஆட்டமே பிறந்தது. காலால் பந்தை வலைக்கு மேல் உதைத்து ஆடும் செபக் தக்ராவுக்கும் இதே நீள அகலம். ஆகவே ஒன்றைச் சரிசெய்யத் தெரிந்தால் மூன்றுக்கும் ஆகும்.

வேலையில் இறங்கும் முன் ஒரு விஷயம். இந்த மாதிரிக் களத்தில் சில பாகங்கள் அசையவே கூடாது: கம்பம், கயிற்றின் முனை, கோட்டின் மூலை. சில பாகங்கள் அசைந்தே ஆக வேண்டும்: தரையில் போடும் பிளாஸ்டிக் ஓடு, பலகை, விரிப்பு. கீழே வரும் தொல்லைகளில் பாதிக்குமேல், அசைய வேண்டியதை இறுக்கிக் கட்டியதாலோ, அசையக் கூடாததை வெறும் எடையை நம்பி விட்டதாலோ வருபவை. கோளாறு தெரியும் இடத்திலேயே காரணத்தையும் தேடினால் கிடைக்காது.

வலை நடுவில் தொங்குகிறது, இழுத்துக் கட்டினால் கம்பம் உள்ளே சாய்கிறது

எல்லோருக்கும் முதலில் வருவது இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

பேட்மின்டன் விதிப்படி வலையின் மேல்விளிம்பு கம்பத்தருகே 1.55 மீட்டர், நடுவில் 1.524 மீட்டர். நடுவில் 2.6 சென்டிமீட்டர் மட்டும் தாழலாம். கொல்லைக் களங்களில் ஒரு சாண் தொங்குவது சாதாரணம். உடனே வலை மட்டமான சரக்கு என்று வேறு வாங்குவார்கள். வலை பாவம், அதன்மேல் தப்பே இல்லை.

கணக்கைப் பாருங்கள். வலையின் எடையை அதன் நீளத்தால் பெருக்கி, தொங்கும் அளவின் 8 மடங்கால் வகுத்தால், மேல்கயிறு எவ்வளவு இழுவையில் நிற்க வேண்டும் என்பது கிடைக்கும். கயிறும் நாடாவும் சேர்த்து வலை 1 கிலோ என்று வையுங்கள். 6.1 மீட்டர் நீளத்தில் 2.6 சென்டிமீட்டர்தான் தொங்கலாம் என்றால் இழுவை சுமார் 29 கிலோ. ஒரு கிலோ வலையை நேராக நிறுத்த 29 கிலோ இழுவை! தொங்கலைப் பாதியாக்க வேண்டுமானால் இழுவை இரட்டிப்பாக வேண்டும். முழுவதும் நேராக நிற்கும் வலை என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது.

இந்த 29 கிலோ, கம்பத்தின் தலையில், தரையிலிருந்து 1.55 மீட்டர் உயரத்தில் இழுக்கிறது. கிலோவை மீட்டரால் பெருக்கினால் கவிழ்க்கும் விசை 45. இதை எதிர்த்து நிற்கப் பலரும் வைப்பது, கான்கிரீட் ஊற்றிய 20 லிட்டர் வாளி. அதன் எடை சுமார் 48 கிலோ, கனம்தான். ஆனால் வாளியின் அடி ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் அகலம். கவிழும் விளிம்பு நடுவிலிருந்து வெறும் 15 சென்டிமீட்டர். 48ஐ 0.15ஆல் பெருக்கினால் 7 சொச்சம். 45க்கு எதிராக 7. வாளியை மட்டும் நம்பினால் ஒவ்வொரு பக்கமும் 300 கிலோ வேண்டும். "இன்னும் கொஞ்சம் கனம் வை" என்ற யோசனை இங்கே எடுபடாததற்குக் காரணம் இதுதான்.

செய்ய வேண்டியது, எடையைக் கூட்டுவதல்ல, தூரத்தைக் கூட்டுவது. கம்பத்தின் அடியில் 1.2 மீட்டர் நீளத்துக்கு ஒரு பாதம் கொடுங்கள். பாதி வலைக்கடியில் உள்ளே, பாதி களத்துக்கு வெளியே. வெளிமுனையில் 40 கிலோ மணல்மூட்டை. வலை உள்பக்கம் இழுப்பதால் கம்பம் கவிழ வேண்டுமானால் பாதத்தின் உள்முனையில்தான் சுழல வேண்டும். அங்கிருந்து மூட்டை 1.2 மீட்டர் தள்ளி இருக்கிறது. 40ஐ 1.2ஆல் பெருக்கினால் 48. சமாளித்துவிடும். அதே மூட்டையைக் கம்பத்தின் காலடியிலேயே வைத்தால் இதில் பாதிதான் பலன். எடைக்கு எதை நிரப்பலாம் என்றால்: தண்ணீர் லிட்டருக்கு 1 கிலோ, காய்ந்த மணல் 1.5 கிலோவுக்குச் சற்று மேல், கான்கிரீட் 2.4 கிலோ. கழற்றி வைக்கும் களத்துக்கு மணல் மூட்டைதான் வசதி. தண்ணீர்த் தொட்டி கசியும், பாசி பிடிக்கும். உறைபனி விழும் இடமானால் உள்ளே பனிக்கட்டி விரிந்து தொட்டியே வெடிக்கும்.

மண்தரையானால் இதைவிடச் சுலபமான வழி, கம்பத்தின் தலையிலிருந்து வெளிப்பக்கமாக ஓர் இழுகயிறு. முளையைக் கம்பத்திலிருந்து 1.55 மீட்டர் தள்ளி அடித்தால் கயிற்றில் 41 கிலோ இழுவை வரும். இடமில்லை என்று பாதித் தூரத்தில் அடித்தால் அதே வேலைக்கு 65 கிலோ. முளையின் தலை களத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். மண் ஈரமானால் பிடிமானம் போகும். அப்போது ஒரு முளைக்குப் பின்னால் இன்னொன்றை அடித்து இரண்டையும் கட்டிவிடுங்கள். இழுகயிறு போட்ட பிறகு கம்பம் கீழ்நோக்கியும் அழுத்தப்படுகிறது. இளகிய மண்ணில் மெல்ல இறங்கி, வலை மறுபடியும் தளரும். காலடியில் ஒரு பலகைத்துண்டு போட்டால் தீர்ந்தது. கயிற்றில் முழங்கால் உயரத்தில் பளிச்சென்ற துணி ஒன்றைக் கட்டுங்கள். ஆட்ட சுவாரசியத்தில் பின்வாங்குகிறவர் கண்ணுக்குக் கயிறு தெரியாது.

இதெல்லாம் வேண்டாம், சும்மா வீட்டு ஆட்டம்தான் என்றால் குறுக்குவழி உண்டு: வலையின் நடுவில் மூன்றாவதாக ஒரு மெல்லிய கம்பம். நீளமும் எடையும் இரண்டாகப் பிரிவதால் தேவைப்படும் இழுவை நான்கில் ஒரு பங்காகிறது, 7 கிலோ போதும். பேட்மின்டன் விதி இதை ஏற்காது. கொல்லைக்கு நடுவர் வரப்போவதில்லை.

கம்பம் கவிழவில்லை, ஆனால் ஆடிக்கொண்டே இருக்கிறது

வலையை அவிழ்த்துவிட்டுக் கம்பத்தின் தலையைக் கையால் உள்பக்கம் தள்ளிப் பாருங்கள். பாதம் தரையைவிட்டு எழுந்தால், மேலே சொன்ன கதைதான். பாதம் அப்படியே இருந்து குழாய் வில்லாக வளைந்தால் குழாய் மெலிசு. குழாய் வளையாமல் அடியில் "கடக்" என்று ஒரு சத்தம் கேட்டால் பொருத்தில் இடைவெளி. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

மெல்லிய பி.வி.சி. குழாய் 29 கிலோ இழுவைக்குப் போதாது. குழாயை மாற்ற மனமில்லையென்றால் உள்ளே ஓர் இரும்புக் குழாயையோ மரக்கழியையோ முழு நீளத்துக்கும் செருகலாம். பாதி நீளத்துக்கு மட்டும் செருகினால் அது முடியும் இடத்தில் வளையும், ஒருநாள் அங்கேயே உடையும். சாதாரண வெள்ளை பி.வி.சி. வெயிலில் கிடந்தால் நாளடைவில் முறுமுறுத்துப்போகும். மேலே வெண்சுண்ணம் போல மாவு ஒட்டினால் அந்தக் குழாயை நம்பாதீர்கள். பெயின்ட் ஒரு கை அடித்து, ஆடாத நாட்களில் நிழலில் வைத்தால் ஆயுள் கூடும்.

பொருத்து ஆடினால், பசை போடாதீர்கள். போட்டால் கழற்ற முடியாது. குழாயும் பொருத்தும் சேர்ந்த நிலையில் குறுக்கே ஒரு துளையிட்டு போல்ட் ஒன்றைச் செருகுங்கள். ஒரு போல்ட் போட்டால் அதையே அச்சாக வைத்துக் குழாய் ஆடும். ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு போட்டால் நின்றுவிடும்.

கான்கிரீட் அடித்தளத்தில் குழாயைச் செருகும் உறை ஆடுகிறது என்றால், பெரும்பாலும் கான்கிரீட் இறுகும்போது யாரோ உறையை அசைத்திருக்கிறார்கள். கான்கிரீட் முழு பலம் பெற 28 நாள் ஆகும். முதல் 7 நாள் ஈரமாக வைத்திருக்க வேண்டும். ஆடும் உறையைக் கொத்தி எடுப்பதைவிட, இடைவெளியில் மரஆப்பு வைத்து இறுக்குவது எளிது. உறையின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் மழைநீர் தேங்கி, இரும்புக் கம்பத்தின் கண்ணுக்குத் தெரியாத பகுதி முதலில் துருப்பிடிக்கும்.

சாயங்காலம் இறுக்கிய வலை காலையில் தளர்ந்து கிடக்கிறது

கம்பத்தை நோண்டும் முன் கயிற்றைப் பாருங்கள். நைலான் என்றால் அதுதான் காரணம். நைலான் ஈரத்தை உறிஞ்சி நீளும். பனி விழுந்த இரவே போதும். சுமையிலும் ரப்பர் மாதிரி கொஞ்சம் இழுபடும். மேல்கயிறும் இழுகயிறும் பாலியெஸ்டராக இருந்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். சரக்கு ஏற்றிய லாரியில் தார்ப்பாய்க்குப் போடும் முடிச்சைக் கற்றுக்கொள்வது அதைவிட உபயோகம். நடுக்கயிற்றில் ஒரு கண்ணி, முனை கம்பத்தைச் சுற்றி வந்து கண்ணிக்குள் நுழைந்து திரும்பி இழுபடும். கை இழுப்பதைவிட அதிக இறுக்கம் கிடைக்கும், ஒரே உருவலில் அவிழும். முனையை இருமுறை சுற்றிப் போட்ட சாதாரண முடிச்சு, இழுவையில் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் கத்தியால்தான் கழலும்.

பந்து வலைக்கும் கம்பத்துக்கும் நடுவே புகுந்து போகிறது

மேல்கயிறு மட்டும் இழுபட்டு, கீழ்முனைகள் கட்டாமல் இருந்தால் வலையின் பக்க ஓரம் உள்பக்கம் குழியும். பக்க ஓரத்தை மேலே, நடுவே, கீழே என்று கம்பத்தோடு கட்டிவிடுங்கள். கீழ்க்கயிற்றை மேல்கயிற்றளவு இறுக்க வேண்டாம். இறுக்கினால் வலையின் நடுப்பகுதி கீழே இழுபட்டு, பாடுபட்டு நிமிர்த்தியது மறுபடி தொங்கும்.

தரை ஓடுகள் நடுவில் கூடாரம் போல எழும்புகின்றன

காலையில் சமமாக இருந்தது, மதியம் பார்த்தால் எங்கோ ஓர் இடத்தில் புடைத்து நிற்கிறது. சாயங்காலம் தானாகவே படிந்துவிடுகிறது. ஓடு மோசம் என்று நினைக்க வேண்டாம். அது அசைய நினைக்கிறது, நீங்கள் விடவில்லை.

ஒன்றோடொன்று கொக்கி மாட்டும் இந்த ஓடுகள் பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீனால் ஆனவை. வெப்பத்தில் அது கான்கிரீட்டைப் போலப் பத்து மடங்கு விரியும். 13.4 மீட்டர் நீளத்துக்கு, வெப்பம் 20 டிகிரி ஏறினால், சுமார் 27 மில்லிமீட்டர் நீள வேண்டும். அடியில் இருக்கும் கான்கிரீட் மூன்று மில்லிமீட்டர்கூட நீளாது. ஓடுகளுக்கு இடையிலுள்ள கொக்கிகளில் இருக்கும் தளர்வு கொஞ்சத்தை விழுங்கிக்கொள்ளும். மிச்சத்துக்கு ஓரத்தில் இடம் வேண்டும். இடமில்லையென்றால் மேலே எழுவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை.

முதலில் சுவரோரம், படியோரம், மரத்தின் அடியோரம் நடந்து பாருங்கள். ஓடு எங்காவது முட்டிக்கொண்டிருந்தால் அந்த வரிசையை அரிந்து, விரல் நுழையும் இடைவெளி விடுங்கள். ஓரத்தை ஆணியடித்தோ பசை போட்டோ நிறுத்தியிருந்தால் எடுத்துவிடுங்கள்.

எங்கும் முட்டவில்லை, ஆனாலும் புடைக்கிறது என்றால், கம்பத்தின் பாதம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பலரும் மணல்மூட்டையையும் பாதத்தையும் ஓட்டின்மேலேயே வைத்துவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் 40 கிலோ உட்கார்ந்துகொண்டால் அகலவாக்கில் விரியும் ஓடு அந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். புடைப்பு சரியாக வலைக்கடியில் வரும். மூட்டை ஓட்டுக்கு வெளியே தரையில் இருக்கட்டும். உள்ளே நீளும் பாதத்துக்கு ஒரு வரிசை ஓட்டைக் கழற்றி வழி விடுங்கள்.

இதற்கு நேர்மாறாக, காலைக் குளிரில் ஓடுகளுக்கிடையே இடைவெளி தெரிகிறது, கோடுகள் விட்டுவிட்டுத் தெரிகின்றன என்றால், கடும் வெயிலில் இறுக்கி மாட்டியிருக்கிறீர்கள். ஓடு மாட்ட நல்ல நேரம், அதிக வெயிலும் இல்லாத அதிகக் குளிரும் இல்லாத பொழுது. முடியாவிட்டால், குளிரில் மாட்டும்போது ஓரத்தில் அதிக இடம் விடுங்கள். வெயிலில் மாட்டும்போது குறைவாக விட்டால் போதும்.

பந்து ஒரு இடத்தில் எழும்பவே மாட்டேன் என்கிறது

ப்ளைவுட் பலகைத் தரையில் வரும் நோய் இது. ஒரு கழியை எடுத்துக்கொண்டு பலகையெங்கும் தட்டிக்கொண்டே வாருங்கள். நன்றாக உட்கார்ந்த இடத்தில் "தப்" என்று அடங்கிய சத்தம். அடியில் காலியிடம் இருந்தால் "டொங்" என்று பானை மாதிரி ஒலிக்கும். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் பலகையைத் தூக்கி, வட்டத்தின் கீழே மண்ணைப் பாருங்கள். பெரும்பாலும் பள்ளமாக இருக்கும், அல்லது பக்கத்தில் ஒரு கல் துருத்திக்கொண்டு பலகையைத் தூக்கியிருக்கும். கல்லை எடுங்கள், பள்ளத்தில் ஜல்லித்தூள் போட்டுத் திமிசுக்கட்டையால் இறுக்குங்கள். வெறும் மணலைப் போட்டால் ஒரு மழைக்குப் பிறகு அது வேறு இடத்துக்குப் போய்விடும். தரை சரி, பலகைதான் இரண்டு சட்டங்களுக்கு நடுவே தொய்கிறது என்றால், நடுவில் இன்னொரு சட்டம் கொடுங்கள்.

களம் முழுக்கவே பந்து மந்தமாக எழும்பினால் பந்தையும் சந்தேகப்படுங்கள். பிக்கிள்பால் பந்தை 198 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கருங்கல் பரப்பில் விட்டால் 76 முதல் 86 சென்டிமீட்டர் எழும்ப வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. உங்களிடம் கருங்கல் பரப்பு இல்லாவிட்டாலும், கான்கிரீட் தரையில் ஒருமுறை, உங்கள் களத்தில் ஒருமுறை விட்டுப் பார்த்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். புல்மேல் நேராக விரித்த விரிப்பில் பிக்கிள்பால் எழும்பாது; அதற்கு மருந்தே இல்லை. அங்கே பேட்மின்டன் ஆடுங்கள், அதில் பந்து தரையைத் தொட்டால் ஆட்டம் முடிந்துவிடுகிறது.

பலகையின் ஓரம் ஊதுகிறது, மூலை எழும்புகிறது

முழுப் பலகை 2.44 மீட்டருக்கு 1.22 மீட்டர். அகலத்தில் ஐந்து, நீளத்தில் ஐந்தரை போட்டால் களம் அழகாக நிறைந்துவிடும், 28 பலகை. அளவு இவ்வளவு கச்சிதமாக இருப்பதால் இடைவெளியே இல்லாமல் முட்டிமுட்டிப் போட்டுவிடுகிறோம். ப்ளைவுட் ஈரத்தில் உப்பும். பலகைக்குப் பலகை 3 மில்லிமீட்டர் விடுங்கள். அதே கனத்துக்கு ஓர் அட்டையைச் செருகி வைத்துப் போட்டால் கை தானாகவே சமமாக விடும்.

ஊதல் ஓரத்தில் மட்டும் இருந்தால் வெட்டிய முனைக்குப் பூச்சு இல்லை என்று அர்த்தம். தண்ணீர் அங்கேதான் குடிக்கப்படுகிறது. பலகை மொத்தமாகக் கிண்ணம் போல வளைந்தால் மேல்பக்கம் மட்டும் பெயின்ட் அடித்திருப்பார்கள். அடிப்பக்கம் ஈரம் ஏறி விரிய, மேல்பக்கம் அப்படியே நிற்க, பலகை வளைகிறது. இரண்டு பக்கமும், நாலு ஓரமும், திருகு போட்ட ஓட்டையின் உள்ளேயும் பூச வேண்டும். வளைந்த பலகையைத் திருப்பிப் போட்டு, மேலே கனம் வைத்து, நிழலில் மெதுவாகக் காயவிட்டால் ஓரளவு நிமிரும். ஊதிப் பிரிந்த ஓரம் திரும்பாது, வெட்டித்தான் எறிய வேண்டும்.

பலகைகளை ஒன்றோடொன்று பூட்டும்போது, ஒரு பக்கத்துத் துளையை போல்ட்டைவிடச் சற்றுப் பெரிதாக நீள்வாட்டில் போடுங்கள். மேலும் கீழும் போகாது, பக்கவாட்டில் மட்டும் நகரும்.

மழை நின்றும் களத்தில் தண்ணீர் நிற்கிறது

மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பாருங்கள். ஈரமாக மட்டும் இருந்தால் கவலையில்லை. தேங்கிய தண்ணீரில் ஒரு நாணயத்தைப் படுக்கப் போட்டு, அது மூழ்கினால் அந்த இடம் பள்ளம். விளிம்பைச் சாக்பீஸால் வரைந்துகொள்ளுங்கள், தண்ணீர் வற்றியபின் தேட முடியாது.

ஒன்றிரண்டு பள்ளம்தான் என்றால் நிரப்பிவிடலாம். எங்கு பார்த்தாலும் தேக்கம் என்றால் களத்துக்கு வாட்டமே இல்லை. மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் வாட்டம், ஒரே பக்கமாக, ஒரு பக்கக்கோட்டிலிருந்து மறு பக்கக்கோட்டுக்கு. 6.10 மீட்டருக்கு மொத்தம் 6 சென்டிமீட்டர். ஆடும்போது தெரியவே தெரியாது. வலையை மேடாக வைத்து இரண்டு பக்கமும் சரிவது, அல்லது நடுவில் குழித்து வடிகால் விடுவது இரண்டும் வேண்டாம். முதலில் சொன்னதில் வலை உயரம் ஏமாற்றும், அடுத்ததில் கால் ஏமாற்றும். நீளமான தூரத்துக்கு ரசமட்டக் கட்டையை நகர்த்தி நகர்த்திப் பார்த்தால் தப்பு சேர்ந்துகொண்டே போகும். தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் மலிவானது, இந்த வேலைக்கு அதைவிடத் துல்லியமானது. டியூபுக்குள் காற்றுக்குமிழ் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கோடு போட்டாச்சு, ஏதோ கோணலாகத் தெரிகிறது

மூலைவிட்டம் அளந்து பாருங்கள். முழுக்களத்தின் இரண்டு மூலைவிட்டமும் 14.72 மீட்டர் வர வேண்டும். ஒன்று கூடவும் ஒன்று குறையவும் வந்தால் களம் செவ்வகமாக இல்லை, இணைகரமாகச் சாய்ந்திருக்கிறது. பாதிக்களத்தில் அளந்தால் 9.06 மீட்டர்; எந்தப் பாதியில் தப்பு என்று இதில் தெரிந்துவிடும். துணி டேப் இழுத்தால் நீளும், இரும்பு டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

மூலையைச் செங்குத்தாக்க எல்லோரும் சொல்வது 3, 4, 5 கணக்கு. ஆனால் 3 மீட்டரில் 1 சென்டிமீட்டர் பிசகினால் 13.4 மீட்டர் முடிவில் அது நாலரை சென்டிமீட்டராகிவிடும். உங்கள் களத்தில் அதன் இரட்டிப்புக்கு இடம் இருக்கிறது: அகலவாக்கில் 6, நீளவாக்கில் 8, குறுக்கே 10. மரவேலைக்கு வைத்திருக்கும் மூலைமட்டத்தை வைத்து 13 மீட்டர் கோட்டை இழுக்க வேண்டாம். ஒரு மூலையிலிருந்து தொடங்காமல் வலைக்கோட்டிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் போனால், பிசகு வந்தாலும் பாதிப் பாதியாகப் பிரிந்துவிடும்.

அளவெல்லாம் சரி, களம் மட்டும் 8 சென்டிமீட்டர் நீளமாக வருகிறது என்றால், நூலுக்கு வெளியே நாடாவை ஒட்டியிருக்கிறீர்கள். 13.40 என்பது கோட்டின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்கு. 40 மில்லிமீட்டர் அகலக் கோடு நூலுக்கு உள்பக்கம் வர வேண்டும்.

இரண்டு ஆட்டத்துக்குக் கோடு போட்டோம், எந்நேரமும் சண்டை

பேட்மின்டனில் முன் சர்வீஸ் கோடு வலையிலிருந்து 1.98 மீட்டரில் தொடங்கி 2.02 வரை. பிக்கிள்பாலில் வலையோர விலக்குப் பகுதியின் (இதற்குள் நின்று, தரையில் படாத பந்தை அடிக்கக் கூடாது) எல்லை 2.13 மீட்டர், கோட்டின் 5 சென்டிமீட்டரும் அதற்குள்ளேயே அடக்கம். ஆக இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஆறு சென்டிமீட்டர் சொச்சம்தான். ஒரே நிறத்தில் போட்டால் ஓடி வருகிறவருக்கு எது எது என்று தெரியவே தெரியாது. நிறத்தை மாற்றுங்கள். அல்லது அடிக்கடி ஆடும் ஆட்டத்துக்கு நிரந்தரக் கோடும், மற்றதற்கு அவ்வப்போது விரித்து எடுக்கும் பட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். வெளிக்கோடுகளைப் பற்றிக் கவலை வேண்டாம், இரண்டுக்கும் 1 சென்டிமீட்டர்தான் வித்தியாசம். வலை உயரம்தான் வெகுவாக மாறும்: பிக்கிள்பாலுக்குக் கம்பத்தருகே 91.4, நடுவில் 86.4 சென்டிமீட்டர். கம்பத்தில் இரண்டு உயரத்துக்கும் கொக்கி போட்டுவிடுங்கள்.

ஒட்டிய கோடு உரிந்து வருகிறது

நாடாவின் முனைகள் மட்டும் எழும்பினால், ஒட்டும்போது இழுத்து ஒட்டியிருக்கிறீர்கள். இழுபட்ட நாடா இரவோடு இரவாகப் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். சுருளை உருட்டிக்கொண்டே போய், இழுக்காமல் படியவிட்டு, பின்னால் ஒருவர் காலால் தேய்த்துக்கொண்டே வரவேண்டும். நாடா நடுநடுவே விட்டுவந்தால், அடியில் தூசி; நாடாவின் பசைப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் மாவு பூசியது போல இருக்கும். பெருக்கினால் மட்டும் போதாது, ஈரத்துணியால் துடைத்து முழுவதும் காயவிட வேண்டும். எடுக்கும்போது உச்சிவெயிலில் உரிக்காதீர்கள், பசை இளகித் தரையிலேயே தங்கிவிடும்.

புல்லிலும் மண்ணிலும் பட்டைக்கோடு விரித்தால் அதன் பலம் மூலையில்தான். நாலு மூலையிலும் முளையைத் தரைமட்டத்துக்குக் கீழே இறங்கும்வரை அடியுங்கள். நடுவில் நெளிந்தால் இடையில் ஆணியடிப்பதைவிட மூலையை இறுக்குவது மேல். ஓடுகிறவர் காலில் ஆணித்தலை பட்டால் விரல் கிழியும்.

கால் வழுக்குகிறது

விடியற்காலையில் மட்டும் வழுக்கினால் பனி, துடைத்துவிட்டு ஆடுங்கள். நிழல் விழும் மூலையில் மட்டும் எப்போதும் வழுக்கினால் பாசி. சோப்புத்தண்ணீரும் விறைப்பான பிரஷும் போதும். ப்ளீச்சிங் போடுவதானால் நீர்க்கக் கரைத்து, தனியாக. அமிலத்தோடு கலந்தால் விஷவாயு வரும். புதிதாகப் பெயின்ட் அடித்த பலகை எங்கு பார்த்தாலும் வழுக்கினால், அடுத்த பூச்சில் சலித்த நுண்மணல் கலந்து அடிக்க வேண்டும். மணலை ஈரப்பூச்சின்மேல் தூவினால் திட்டுத்திட்டாக வரும், பெயின்டிலேயே கலந்து கிளறிக்கொண்டே அடியுங்கள்.

ஆடுகிறவர் சுவரில் போய் மோதுகிறார், கண்ணில் வெயில் அடிக்கிறது

களம் இடத்தில் அடங்கிவிட்டால் போதாது. பிக்கிள்பாலுக்குச் சுற்றிலும் ஓட இடம் சேர்த்துக் குறைந்தது 18.3 மீட்டருக்கு 9.1 மீட்டர் வேண்டும் என்பார்கள். அந்த இடம் இல்லையென்றால் ஓட்ட இடத்தைக் குறைக்காதீர்கள், களத்தைச் சுருக்குங்கள். பாதி அகலத்தில், 3.05 மீட்டரில், ஒருவருக்கொருவர் ஆடுவது நல்ல பயிற்சி. வெயிலுக்கு, களத்தின் நீளம் தெற்கு வடக்காக இருக்கட்டும். விளக்கு போட்டால் பக்கவாட்டில் போடுங்கள், பின்கோட்டுக்குப் பின்னால் வேண்டாம்.

போன தடவை கச்சிதமாகச் சேர்ந்தது, இப்போது சேரவில்லை

பாகங்கள் இடம் மாறியிருக்கின்றன. கையால் துளையிட்ட பொருத்துகள் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும், ஒன்றின் போல்ட் மற்றொன்றில் நேராக ஏறாது. சுத்தியலால் தட்டி ஏற்றினால் துளை விரிந்து, பிறகு நிரந்தரமாக ஆடும். ஒருமுறை முழுவதும் சரியாக மாட்டிய நிலையில், சேரும் இரண்டு பக்கத்திலும் ஒரே எண்ணை அழியாத மையால் எழுதுங்கள். பலகைகளுக்கு அடிப்பக்கத்தில், வடக்குப் பக்கம் எது என்று ஓர் அம்புக்குறியோடு. ஓடுகளை ஒவ்வொன்றாகப் பிரிக்காமல், தூக்கக்கூடிய அளவுக்குப் பாளம் பாளமாகவே அடுக்குங்கள். அடிக்கடி பிரித்து மாட்டினால் கொக்கிதான் முதலில் உடைகிறது. ஈரமாக அடுக்கினால் அடுத்த தடவை பாசியோடுதான் வெளியே வரும். வலையைச் சுருட்டும்போது மேல்கயிற்றையும் கீழ்க்கயிற்றையும் சேர்த்துப் பிடித்து ஒரு குழாயில் சுற்றுங்கள். மடித்து மூட்டையாகக் கட்டினால் சிக்கெடுக்கவே ஒரு மாலை போய்விடும்.